பேசாத எழுத்துக்கும் ஒரு கதை இருக்கு: ஆங்கிலம் சொல்லித்தர்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம் சொல்லித்தர்ற ஆசிரியர்களுக்கும், இலக்கணப் புத்தகம் போடுறவங்களுக்கும், கட்டுரை நோட்டைத் திருத்துறவங்களுக்கும் வணக்கம்.

போன வாரம் எங்க அக்கா பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காம நேரா என்கிட்ட வந்து நின்னா. ஆறாவது படிக்கிறா. "மாமா, டெட்னு ஒரு வார்த்தை, கடன்னு அர்த்தம், அதுல நடுவுல ஒரு பி வருது, ஆனா அதை வாயால சொல்லக்கூடாதாம், சொல்லாத எழுத்தை எதுக்கு மாமா எழுதணும்?"னு கேட்டா. வகுப்புலயும் இதையே கேட்டிருக்கா போல, அது சைலன்ட் லெட்டர், அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ, உக்காருன்னு பதில் வந்திருக்கு. உக்காந்துட்டா, ஆனா வீடு வர்ற வரைக்கும் அந்தக் கேள்வியைத் தூக்கிட்டே வந்திருக்கா.

நான் அந்த டீச்சரைக் குறை சொல்ல வரல. ஒரு வகுப்புல அத்தனை பிள்ளைங்க, போர்ஷன் முடிக்கணும், பரீட்சை வருது, ஒவ்வொரு எழுத்துக்கும் கதை சொல்லிட்டு நிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நான் இருபது வருஷமா ஆங்கிலத்துலருந்து தமிழுக்கும் தமிழ்லருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்கிற வேலை பார்க்கிறேன், இந்த "அது அப்படித்தான்"ங்கிற ஒரு பதில் எத்தனை பேரை எழுதவே பயப்படுறவங்களா ஆக்கியிருக்குன்னு தினமும் பார்க்கிறேன், அதனாலதான் இந்த மடல்.

முதல்ல அந்த பி. அந்தச் சொல் ஃப்ரெஞ்சுலருந்து ஆங்கிலத்துக்கு வந்தப்போ அதுல பி-யே கிடையாது. எழுத்துலயும் இல்ல, சத்தத்துலயும் இல்ல. அப்புறம் 15, 16-ம் நூற்றாண்டுகள்ல லத்தீன் படிச்ச ஆளுங்க, இந்தச் சொல்லோட மூலம் டெபிட்டம்ங்கிற லத்தீன் சொல், அதுல பி இருக்கு, அந்த வம்சம் தெரியணும்னு ஒரு பி-யைக் கொண்டுவந்து நடுவுல சொருகினாங்க. எழுத்துல சொருகினாங்களே தவிர யாரும் அதை வாயில சேர்த்துக்கல. டவுட்டுங்கிற சொல்லுக்கும் இதே கதைதான், அங்கேயும் லத்தீன் மூலத்துல பி இருந்துச்சுன்னு ஒரு பி ஏறி உக்காந்துச்சு. இன்னும் ஒருபடி மேல போய் ஐலண்ட்னு எழுதுறப்போ வருதே ஒரு எஸ், அது தப்பான வம்சம். ஐலண்ட் சுத்தமான பழைய ஆங்கிலச் சொல், அதுக்கும் லத்தீன் இன்சுலாவுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஆனா ஐல்னு தீவைக் குறிக்கிற இன்னொரு சொல் ஃப்ரெஞ்சு வழியா லத்தீன்லருந்து வந்துச்சு, ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சு இதுக்கும் ஒரு எஸ் போட்டுட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் உலகத்துல எத்தனையோ கோடிப் பிள்ளைங்க அந்தத் தப்பைச் சரியா எழுதலைன்னு மார்க் இழந்துட்டு இருக்காங்க.

இதை நான் சொன்னப்போ அவ முகத்தை நீங்க பார்த்திருக்கணும். சொல்லி முடிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அதுக்கப்புறம் அந்த வார்த்தையோட ஸ்பெல்லிங் அவளுக்கு மறக்கவே இல்ல, ஏன்னா அது இப்போ வெறும் எழுத்து இல்ல, யாரோ சொருகினதுன்னு தெரிஞ்சுபோச்சு.

நைட்னு ஒரு சொல் இருக்கு, குதிரை வீரன். முன்னாடி ஒரு கே, நடுவுல ஜி ஹெச், ரெண்டும் பேசாது. ஆனா ஒரு காலத்துல ரெண்டும் பேசுச்சு. கே-யை கே-யாவே சொன்னாங்க, ஜி ஹெச் வர்ற இடத்துல தொண்டையில உரசுற மாதிரி ஒரு சத்தம் வரும், கிட்டத்தட்ட க்நிஹ்ட்னு. நேம்ங்கிறதை நாமன்னு நீட்டிச் சொல்லிட்டு இருந்தாங்க, ஹவுஸ்ங்கிறது ஹூஸ். சுமாரா 1400-லருந்து 1700-க்குள்ள இந்த நெடில் உயிர்கள் எல்லாமே வாய்க்குள்ள இடம் மாறிப்போச்சு. அந்த மாற்றம் பாதியில இருக்கும்போதுதான் 1476-ல வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் வைக்கிறாரு. அதுக்கு முன்னாடி பல வருஷம் ப்ரூஜ்ல இருந்தவரு, அங்கத்து ஃப்ளெமிஷ் பழக்கத்துலதான் பேயைக் குறிக்கிற கோஸ்ட்ங்கிற சொல்லுக்குள்ள ஒரு ஹெச் நுழைஞ்சுதுன்னு மொழி வரலாறு எழுதுறவங்க சொல்றாங்க. அச்சு வந்ததும் எழுத்து கொஞ்சம் கொஞ்சமா உறைஞ்சுபோச்சு, சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் தோ, த்ரூ, டஃப், பௌ எல்லாத்துக்கும் வால்ல அதே நாலு எழுத்து, ஓ யு ஜி ஹெச். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழியில போன சத்தத்தோட பழைய முகவரி அது.

கர்னல்ங்கிற சொல் இன்னும் அருமை. எழுதும்போது எல் வருது, சொல்லும்போது ர் வருது. இத்தாலியன்ல எல்லோட இருந்தது, ஃப்ரெஞ்சுல ர் ஆச்சு, ஆங்கிலம் முதல்ல ர்-ஓட வாங்கிக்கிட்டுச்சு, அப்புறம் எழுத்தை மட்டும் இத்தாலியன் பக்கம் திருத்திக்கிட்டாங்க, வாய் பழைய இடத்துலயே நின்னுடுச்சு. ர-வும் ல-வும் இடம் மாறுறது எந்த மொழிக்கும் புதுசு இல்ல, பந்தர்னு இருந்ததுதானே நமக்கு பந்தல் ஆச்சு.

இங்க ஒரு விஷயம் சொல்லிடுறேன். ஆங்கிலத்தைப் பார்த்து கிறுக்கு மொழி, எழுதுறது ஒண்ணு படிக்கிறது ஒண்ணு, நம்ம தமிழ் பாரு எழுதுற மாதிரியே படிக்கலாம்னு பெருமையா பேசுறவங்க நிறைய பேரு. அவங்களை பம்பரம்னு எழுதிப் படிக்கச் சொல்லுங்க. முதல் ப ஒரு சத்தம், ரெண்டாவது ப வேற சத்தம், எழுத்து ஒண்ணுதான். கடல், பங்கு, அகம் மூணுலயும் க மூணு விதமா வரும். நமக்கு அது உறுத்தறதே இல்ல, ஏன்னா எந்த இடத்துல எந்தச் சத்தம்னு ஒரு ஒழுங்கு இருக்கு, அது காதுலயே படிஞ்சுபோச்சு. ஆங்கிலத்துல அந்த ஒழுங்கு கம்மி, ஆனா காரணம் இருக்கு. ஒழுங்கு கம்மியா இருக்கிற இடத்துலதான் காரணத்தைச் சொல்லிக் குடுக்கணும், நீங்க அதையும் விட்டுட்டா பிள்ளைங்க எதைப் புடிச்சுக்கும்?

சரி, ஸ்பெல்லிங்கை விடுங்க. அது மனப்பாடத்துலயாவது தேறிடும். எனக்கு நிஜமாவே மனசு வலிக்கிறது அடுத்த விஷயத்துலதான்.

நான் பத்தாவது படிக்கும்போது செத்துப்போன எங்க தாத்தாவைப் பத்தி ஆங்கிலத்துல ஒரு கட்டுரை எழுதினேன். ரெண்டு நாள் உக்காந்து எழுதினது. அவரு கடைசியா என்கிட்ட பேசுன நாளைப் பத்தின பாரா அது. நோட்டு திரும்பி வந்துச்சு. அந்தப் பாரால மூணு சிவப்பு வட்டம். ஒரு வாக்கியம் ஆண்ட்னு ஆரம்பிச்சிருந்துச்சாம். ஒரு வாக்கியம் வித்னு முடிஞ்சிருந்துச்சாம். இன்னொண்ணுல டு-வுக்கும் அதுக்கு அடுத்து வர்ற வினைக்கும் நடுவுல ஒரு சொல்லைச் சொருகிட்டேனாம். தாத்தாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நல்லா இருக்கு நல்லா இல்ல எதுவும் இல்ல. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் நான் ஆங்கிலத்துல மனசுல இருந்து எதையுமே எழுதல, லீவ் லெட்டர் மாதிரியே எல்லாத்தையும் எழுதினேன்.

பின்னாடி இந்தத் தொழிலுக்கு வந்து படிச்சுப் பார்த்தாத்தான் தெரியுது, அந்த மூணு வட்டத்துல ஒண்ணுகூட இலக்கணப் பிழை கிடையாது.

வாக்கியத்தை வித், ஃபார், டு மாதிரி சொல்லுல முடிக்கக்கூடாதுங்கிற கதை 1672-ல ஜான் ட்ரைடன்னு ஒரு கவிஞர்கிட்டருந்து கிளம்புச்சு. அவரு தனக்கு முந்தின தலைமுறை எழுத்தாளர் பென் ஜான்சன் எழுதினதுல இதைப் பெரிய குறைன்னு சொன்னாரு, அப்புறம் தான் எழுதின பழைய கட்டுரையையே எடுத்து அந்த மாதிரி முடிவுகளை எல்லாம் திருத்தினாரு. லத்தீன்ல இந்தச் சொற்கள் பேருக்கு முன்னாடிதான் வரும், கடைசியில தொங்காது, லத்தீன்தான் அப்போ படிச்சவங்களுக்கு அளவுகோல். அப்புறம் 1762-ல ராபர்ட் லவுத்னு ஒருத்தர் இலக்கணப் புத்தகம் போட்டாரு, அது ரொம்ப நாள் பள்ளிக்கூடங்களை ஆண்டுச்சு. ஆனா அவருகூட இதைத் தப்புன்னு சொல்லல. பேச்சுலயும் சாதாரண எழுத்துலயும் இது இயல்பா வர்றதுதான், கம்பீரமான நடைக்கு முன்னாடி வைக்கிறது நல்லா இருக்கும்னுதான் சொன்னாரு, அதைச் சொன்ன அவரோட வாக்கியத்துல முதல் பகுதியே டு-ன்னுதான் முடியுது! அவருக்குப் பின்னாடி வந்தவங்க அந்த "நல்லா இருக்கும்"ஐ எடுத்து "கூடாது"ன்னு ஆக்கிட்டாங்க.

ஆண்ட்னு ஆரம்பிக்கக்கூடாதுங்கிறதுக்கு இந்த அளவு வரலாறுகூட இல்ல. 1611-ல வந்த ஆங்கில பைபிள் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்க, பெரும்பாலான வசனம் ஆண்ட்னுதான் ஆரம்பிக்குது. டு-வையும் வினையையும் பிரிக்கக்கூடாதுங்கிறது 19-ம் நூற்றாண்டுல பெருசா கிளம்பின சண்டை, அதுக்கு முன்னாடியே சில நூறு வருஷமா ஆளுங்க பிரிச்சு எழுதிட்டுத்தான் இருந்தாங்க.

எல்லா விதியையும் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. ஷி கோ-ன்னு எழுதினா தப்புதான், எஸ் வேணும். மணி நேரத்தைக் குறிக்கிற அவர்ங்கிற சொல்லுக்கு முன்னாடி ஆன் வரணும், யுனிவர்சிட்டிக்கு முன்னாடி அ-தான் வரணும், ஏன்னா எழுத்தைப் பார்க்கக்கூடாது சத்தத்தைப் பார்க்கணும். இதெல்லாம் நிஜ இலக்கணம், பொதுநடை ஆங்கிலம் பேசி வளர்ந்தவங்க மீறாதது. ஸ்பெல்லிங் வரலாறு விட்டுட்டுப் போன தடம். வித்ல முடிக்காதேங்கிறது ஒருத்தரோட ருசி. இந்த மூணையும் ஒரே சிவப்பு மையில வட்டம் போட்டுக் குடுக்காதீங்கன்னுதான் கேக்குறேன். படிக்கிற பிள்ளைக்கு எது கல்லு எது மண்ணுன்னு தெரியாம எல்லாத்தையும் பார்த்துப் பயப்படுது.

நமக்கு இது புரியாத விஷயமே இல்ல. எழுதும்போது செல்கிறேன்னு எழுதுறோம், பேசும்போது போறேன்னு சொல்றோம். போறேன் தப்புன்னு எந்தத் தமிழ் ஆசிரியரும் வீட்டுல தன் பிள்ளைகிட்ட சொல்றதில்ல, இடம் வேற நடை வேறன்னு பிறந்ததுலருந்து நமக்குத் தெரியும். இப்படி ஒரு அறிவு கையில இருக்கிற நாம ஆங்கிலம்னு வந்தா மட்டும் சரி, தப்புன்னு ரெண்டே பெட்டியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். ஐ டோன்ட் நோ நத்திங்னு ஒரு பையன் எழுதினா, ரெண்டு எதிர்மறை சேர்ந்தா உடன்பாடு ஆயிடும், கணக்குல மாதிரின்னு சொல்றீங்க. தமிழ்ல அப்படித்தான், தெரியாம இல்லன்னா தெரியும்னுதான் அர்த்தம். ஆனா ஆங்கிலத்துல 14-ம் நூற்றாண்டுல சாசர் மாதிரி பெரிய கவிஞர்களே இல்லைங்கிறதை அழுத்திச் சொல்ல ரெண்டு மூணு எதிர்மறையை அடுக்கினாங்க, கேட்டவங்களுக்கு இல்லைன்னுதான் புரிஞ்சுது. இன்னைக்கு பொதுநடையில அது ஏத்துக்கப்படல, அலுவலகக் கடிதத்துல எழுதாதேன்னு சொல்லுங்க, அது உண்மை. அறிவில்லாதவன் பேச்சுன்னு சொல்லாதீங்க.

இன்னும் ஒண்ணு, எனக்கு ரொம்பப் புடிச்சது. தே-ங்கிற சொல்லை ஒரே ஒருத்தரைக் குறிக்கப் பயன்படுத்தக்கூடாது, அது பன்மைன்னு இன்னமும் சண்டை நடக்குது. யாரோ குடையை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றப்போ அது ஆணா பொண்ணான்னு தெரியாது, ஆங்கிலத்துல தே போட்டா வட்டம் போடுறாங்க. நான் இப்போ எழுதின வாக்கியத்தையே பாருங்க. போயிட்டாங்க. விட்டுட்டுப் போனது ஒரு ஆள்தான், நான் பன்மையிலதான் சொன்னேன், உங்களுக்கு உறுத்துச்சா? அவங்க வந்தாங்க, அவங்க சொன்னாங்கன்னு ஒரே ஒரு அம்மாவைப் பத்தி நாள் முழுக்க பேசுறோம். அவர்ங்கிறதே பழந்தமிழ்ல பன்மை, அது மரியாதைக்கு ஒருமை ஆகி, அப்புறம் பன்மை வேணும்னு அதுமேல ஒரு கள் போட்டு அவர்கள் ஆக்கி, இப்போ அவர்களும் ஒருத்தருக்கு மரியாதையா வந்து நிக்குது. ஆங்கிலத்துல யூ-வும் இதே வழியில வந்ததுதான். அது பன்மை, ஒருத்தரைச் சொல்ல தௌனு தனியா ஒரு சொல் இருந்துச்சு. மரியாதைக்காக ஒருத்தரையே யூ-ன்னு கூப்பிட ஆரம்பிச்சு, கடைசியில நீ-ங்கிறதே செத்துப்போய் எல்லாருக்கும் நீங்கதான்னு ஆகிப்போச்சு. அதனாலதான் எதிர்ல ஒரே ஆள் நின்னாலும் யூ ஆர்-னு பன்மை வினை. ஒருத்தரைக் குறிக்கிற தே 14-ம் நூற்றாண்டுலருந்து எழுத்துல இருக்கு. இதை ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்க அவங்க வந்தாங்கங்கிற ரெண்டு சொல் போதும், இப்படி ஒரு வசதி நம்ம கையில இருக்கு, நீங்க அதைத் தொடுறதே இல்ல.

தொடாததுன்னு சொல்லும்போதுதான் ஞாபகம் வருது, ஃப்ரேசல் வெர்ப். கிவ் அப்னா கைவிடுறது, கிவ் இன்னா இறங்கிப்போறது, கிவ் அவேன்னா குடுத்துடுறது இல்ல ரகசியத்தை உடைக்கிறது, கிவ் அவுட்னா பங்கு வைக்கிறது, சில சமயம் மெஷின் நின்னுபோறது. நூறு இருநூறுன்னு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுன்னு குடுக்கிறீங்க. கிவ்வுக்கும் அப்புக்கும் சொந்த அர்த்தத்தைக் கூட்டிப் பார்த்தா விடை வரலையேன்னு பிள்ளை முழிக்குது. அதுகிட்ட இதைக் கேளுங்க: வந்துட்டான், வந்து சேர்ந்தான், வந்து தொலைஞ்சான், வந்து கிடக்கான். எல்லாத்துலயும் வந்ததுதான் நடந்துச்சு. பின்னாடி ஒட்டின சின்னச் சொல்லு, சொல்றவனோட மனசைச் சொல்லுது. தொலைஞ்சான்ல எதுவும் தொலையல, எரிச்சல்தான் இருக்கு. தூங்கிப்போட்டேன்னு ஏன் சொல்றதில்ல, தூங்கிட்டேன், தூங்கிப்போனேன்னு மட்டும் ஏன் சொல்றோம்னு எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லிக்குடுத்ததில்ல, ஆனா தப்பு பண்ணாது. நம்ம துணைவினை செய்ற வேலையைத்தான் ஆங்கிலத்துல அப்பும் அவுட்டும் ஆஃபும் செய்யுது. ஈட்னா சாப்பிடு, ஈட் அப்னா சாப்பிட்டு முடி. அப் அங்க மேலேன்னு சொல்லல, முழுசான்னு சொல்லுது. நம்ம விடு மாதிரி. எல்லாம் இப்படிப் பொருந்தாது, நாலுல ஒண்ணாவது பொருந்தினா அந்தப் பிள்ளைக்கு ஒரு கைப்பிடி கிடைச்சிடும்.

பேருக்கு முன்னாடி வர்ற அ, ஆன், தி-ங்கிற ஆர்ட்டிகிளும் அப்படியே. தமிழ்ல ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால நமக்கு வராதுன்னு சொல்லி விட்டுடுறாங்க. ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு, அந்த ராஜாவுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. கதை கேட்டு வளர்ந்த அத்தனை பிள்ளைக்கும் ஒரு எப்போ, அந்த எப்போன்னு தெரியும். முதல் தடவை ஆள் உள்ள வரும்போது ஒரு, கேக்குறவருக்கு அறிமுகம் ஆனதும் அந்த. அ-வும் தி-யும் பெரும்பாலும் அதேதான் பண்ணுது. நமக்கு அந்த போடாமலும் ராஜாவுக்குன்னு சொல்லிட்டுப் போக முடியும், ஆங்கிலத்துல போட்டே ஆகணும், அங்கதான் நாம சறுக்குறோம், அந்த இடத்தை மட்டும் காட்டுங்க.

இன்னொரு விதி இருக்கு, ஆங்கிலம் பேசி வளர்ந்த யாரும் மீற மாட்டாங்க, ஆனா பாதிப் புத்தகத்துல அதுக்கு ஒரு பக்கம்கூட இல்ல. ஒரு வீட்டுக்கு பிக், ஓல்ட் ரெண்டு அடைமொழி சேர்ந்தா பிக் ஓல்ட் ஹவுஸ்னுதான் வரும். மாத்திச் சொன்னா தப்புன்னு விளக்க முடியாது, காது கோணும். அபிப்பிராயம் முதல்ல, அப்புறம் அளவு, வயசு, வடிவம், நிறம், எந்த ஊரு, எதால செஞ்சதுன்னு கிட்டத்தட்ட ஒரு வரிசையில வந்து நிக்கும். தமிழ்ல பெரிய பழைய வீடும் பழைய பெரிய வீடும் ரெண்டுமே ஓடும், அதனால நமக்கு இந்த வரிசை தானா வராது. வெளியிலருந்து கத்துக்கிறவங்களுக்குத் தேவை இதுதான்.

எழுதுற கலைன்னு நீங்க சொல்லித்தர்ற விஷயத்துக்கு வர்றேன். பெரிய சொல் போட்டா நல்ல ஆங்கிலம்னு ஒரு நம்பிக்கை பிள்ளைங்க மனசுல எப்படியோ உக்காந்துடுது. யூஸ் இருக்க யூட்டிலைஸ், ஸ்டார்ட் இருக்க கமென்ஸ். இதுக்கும் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் புடிச்சாங்க, ரொம்ப காலம் அரசவையிலயும் கோர்ட்டுலயும் ஃப்ரெஞ்சு, கோயில்லயும் படிப்புலயும் லத்தீன், வயல்லயும் வீட்டுலயும் ஆங்கிலம். அதனால ஒரே விஷயத்துக்கு மூணு மாடிச் சொல் சேர்ந்துபோச்சு. ஆஸ்க் மண்ணோட சொல், க்வெஸ்ச்சன் ஃப்ரெஞ்சு வழி, இன்டராகேட் லத்தீன். மூணுமே கேக்குறதுதான், ஆனா அம்மா ஆஸ்க் பண்ணுவாங்க, போலீஸ் இன்டராகேட் பண்ணும். எது உசத்தின்னு பார்க்காம எந்த வாயிலருந்து வருதுன்னு பார்க்கச் சொல்லிக்குடுங்க.

போன மாசம் என்கிட்ட மொழிபெயர்க்க ஒரு கடிதம் வந்துச்சு, ஒரு கம்பெனி வாடிக்கையாளருக்கு எழுதினது. தி இனிஷியேஷன் ஆஃப் தி ப்ராசெஸிங் ஆஃப் யுவர் ரீஃபண்ட் ஹாஸ் பீன் அண்டர்டேக்கன். மூணு தடவை படிச்சேன். உங்க பணத்தைத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சிட்டோம், அவ்வளவுதான் விஷயம். வி ஹாவ் ஸ்டார்ட்டட் யுவர் ரீஃபண்ட்னு அஞ்சு சொல்லுல முடிஞ்சிருக்கும். அந்த வாக்கியத்துல ஒரு இலக்கணப் பிழைகூட இல்லைங்கிறதைக் கவனிங்க. உங்க சிவப்புப் பேனா அதைத் தாண்டிப் போயிடும். ஆனா செய்ற வினை எல்லாத்தையும் பேரா மாத்திப் போட்டுட்டாங்க, செய்ற ஆளைக் காணோம், பணம் வருமா வராதான்னு காத்திருக்கிற மனுஷன் தலையைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாரு. இதை வட்டம் போடுங்க, நான் கூட நின்னு கை தட்டுறேன்.

செயப்பாட்டு வினையே கூடாதுன்னு உடனே அடுத்த விதியைப் போட்டுடாதீங்க. யார் செஞ்சாங்கன்னு தெரியாதப்போ, தெரிஞ்சும் அது முக்கியம் இல்லாதப்போ அதுதான் சரி. தப்பு பண்ணினவனை மறைக்கப் போடும்போதுதான் அது கெட்டது.

நிறுத்தக்குறியை எல்லாம் அரை மார்க் சமாசாரமா வச்சிருக்கீங்க. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஒரு ஓவர்டைம் சட்டம், சில வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு பட்டியல் போட்டிருந்தாங்க, கடைசியில அனுப்புறதுக்காக அல்லது விநியோகத்துக்காக பேக் பண்றதுன்னும் படிக்கலாம், அனுப்புறதுக்காக பேக் பண்றது, அப்புறம் தனியா விநியோகம்னும் படிக்கலாம், ஏன்னா அல்லதுன்னு அர்த்தம் தர்ற ஆர்-க்கு முன்னாடி ஒரு காமா இல்ல. ஒரு பால் கம்பெனி டிரைவர்கள், நாங்க விநியோகம்தான் பண்றோம் பேக் பண்றதில்ல, அதனால எங்களுக்கு ஓவர்டைம் உண்டுன்னு கேஸ் போட்டாங்க. 2017-ல அப்பீல் கோர்ட் சட்டம் ரெண்டு அர்த்தம் குடுக்குதுன்னு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, 2018-ல 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. தமிழ்ல இந்தச் சிக்கல் சுலபமா வராது, பேக் பண்றதும் விநியோகம் பண்றதும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு உம் போட்டுத்தான் அடுக்குவோம், அந்த உம் காமா வேலையைப் பார்த்துடும். ஆங்கிலத்துல உம் இல்ல, காமாதான் இருக்கு. இப்படிச் சொன்னா எந்தப் பையனுக்கும் காமா எதுக்குன்னு புரியும்.

விதியைத் தொட்டா மொழி கெட்டுடும்னு உங்கள்ல சிலர் நினைக்கலாம். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு காவல்காரன் இருந்ததே இல்ல. ஃப்ரெஞ்சுக்கு 1635-லயே ஒரு அகாடமி வந்துடுச்சு, 1712-ல ஜோனதன் ஸ்விஃப்ட் ஆங்கிலத்துக்கும் அந்த மாதிரி வேணும்னு கேட்டாரு, நடக்கல. 1755-ல சாமுவேல் ஜான்சன் அகராதி வந்துச்சு, 1828-ல நோவா வெப்ஸ்டர் அமெரிக்காவுக்கு வேற அகராதி போட்டு கலர்ல இருந்த யு-வை எடுத்தாரு, நாக்கைக் குறிக்கிற டங்ங்கிற சொல்லைச் சத்தப்படி சுருக்கி எழுதச் சொன்னாரு, கலரை ஜனங்க எடுத்துக்கிட்டாங்க டங்கை விட்டுட்டாங்க. முடிவு பண்ணினது எழுதுறவங்கதான். அகராதியே தப்பும் பண்ணும். 1934-ல வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியில டார்ட்னு ஒரு சொல், அடர்த்தின்னு அர்த்தம் போட்டு அச்சாகியிருந்துச்சு. அப்படி ஒரு சொல்லே உலகத்துல கிடையாது. அடர்த்திக்கு பெரிய டி அல்லது சின்ன டி சுருக்கமா வரும்னு யாரோ சீட்டுல எழுதி வச்சது, நடுவுல அல்லதுன்னு இருந்த ஆர்-ரோட சேர்ந்து ஒரே சொல்லா படிக்கப்பட்டுடுச்சு. 1939-லதான் ஒரு எடிட்டர் கண்டுபுடிச்சாரு, இந்தச் சொல்லுக்கு வேர் எதுவும் போடலையேன்னு தேடப்போய். வேரைத் தேடுற பழக்கம் இருந்ததாலதான் அந்தப் பொய்ச்சொல் மாட்டுச்சு. பிள்ளைங்க ஏன்னு கேக்குறதும் அதே பழக்கம்தான்.

ஒவ்வொரு பாடத்துலயும் இவ்வளவும் சொல்லுங்கன்னு நான் கேக்கல. வாரத்துக்கு ஒரு சொல், ரெண்டு நிமிஷம். இலக்கணப் புத்தகம் போடுறவங்க ஒவ்வொரு விதிக்குப் பக்கத்துலயும் இது எந்த வகை, எல்லாரும் மீறாததா, வழக்கமா, ஒருத்தரோட ருசியான்னு ஒரு வரி சேருங்க. நோட்டு திருத்துறவங்க வட்டம் போடுறதுக்கு முன்னாடி பிள்ளை சொல்ல வந்தது என்னன்னு ஒரு தடவை படிச்சு, அதுக்கு ஒரு வரி பதில் எழுதிட்டு அப்புறம் வட்டம் போடுங்க. அந்த தாத்தா கட்டுரையில மூணு வட்டத்தோட சேர்த்து, தாத்தா பேரு என்னன்னு ஒரு கேள்வி இருந்திருந்தாகூட நான் அடுத்த கட்டுரையை வேற மாதிரி எழுதியிருப்பேன்.

அக்கா பொண்ணு நேத்து ராத்திரி மறுபடியும் வந்தா. இந்த தடவை ரிசீட், பணம் கட்டினா குடுப்பாங்களே அந்தச் சீட்டு. அதுலயும் பேசாத பி ஒண்ணு இருக்கு, பேப்பர்ல வர்ற பி, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணா தெரியும். இதுவும் லத்தீன்காரங்க சொருகினதுதானேன்னு அவளே கேட்டா. ஆமான்னேன். அப்போ டிசீட், ஏமாத்துறது, அதுவும் அதே குடும்பம்தானே மாமா, அதுல ஏன் பி இல்லன்னா. ஒரு காலத்துல அதுக்கும் சிலர் பி போட்டு எழுதிப் பார்த்தாங்க, ரிசீட்டுக்கு ஒட்டிக்கிச்சு, இதுக்கு ஒட்டல, அவ்வளவுதான்னு சொன்னேன். அவளுக்கு அது பத்தல. ஏன் ஒட்டலன்னு நாளைக்கு வகுப்புல கேக்கப்போறாளாம். எந்த வகுப்புல, யாருகிட்டன்னு நான் எழுதல, உங்கள்ல ஒருத்தர்கிட்டதான். அவ எந்திரிச்சு நிக்கும்போது உக்காருன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

அன்போட,
ஆங்கிலமும் தமிழும் எழுதிப் பொழைக்கிற ஒரு மொழிபெயர்ப்பாளன்